எந்த உயரத்தில் அளந்தாய்?

மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலையைத் தூற்றும்போது என் அப்பா முறத்தை நெஞ்சுக்கு நேரே பிடிக்க மாட்டார். தலைக்கு மேலே தூக்கி, முனையை லேசாகச் சரித்து, கை நடுங்குவது போல அசைப்பார். மணி பிடித்த காய் நேராகக் காலடியில் விழும். பொக்கு இரண்டு முழம் தள்ளிப் போய் விழும். சருகும் தூசியும் களத்தைத் தாண்டி வேலியோரம் போய்ச் சேரும். ஒருநாள், இவ்வளவு உயரம் தூக்கினால் கை வலிக்காதா என்று கேட்டேன். "உசரத்துல இருந்து விட்டாத்தான்டா எது எதுன்னு காத்து பிரிச்சுக் குடுக்கும்" என்றார்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவில் எங்கள் ஊர். மானாவாரிப் பூமி. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருப்பதால், டி.எம்.வி. என்ற மூன்றெழுத்தோடு வரும் மல்லாட்டை ரகங்கள் எங்கள் சிறுவயதிலேயே வீட்டுப் பேச்சில் புழங்கின. நான் அந்தக் களத்தில் வளர்ந்து, படித்து, பள்ளிக்கூடத்தில் 34 வருஷம் இயற்பியல் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும் பதினோராம் வகுப்பில் முற்றுத் திசைவேகம் என்ற பாடம் வரும். கரும்பலகையில் உருளைக்குள் விழும் இரும்புக் குண்டை வரைவேன். சமன்பாடு எழுதுவேன். அப்பாவின் முறத்தைப் பற்றி ஒரு வருஷம்கூட நான் சொன்னதில்லை. அதுவும் இதே பாடம்தான் என்று எனக்கே அப்போது உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவள் பேத்தி. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து போன சித்திரையில் ஊருக்கு வந்திருந்தாள். ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, இவரு வானத்துல இருந்து குதிச்சு மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்துல விழுந்திருக்காரு. இன்னொருத்தரு இவரைவிட ரெண்டு கிலோமீட்டருக்கு மேல உசரத்துல இருந்து குதிச்சிருக்காரு. ஆனா அவரு 1,322தான். உசரத்துல இருந்து குதிச்சவரு ஏன் தாத்தா ஸ்லோ?"

வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று. உடனே பதில் சொல்லாமல், "அந்த வேகத்தை எந்த உசரத்துல அளந்தாங்க கண்ணு? விழும்போது அவங்க கூட என்ன இருந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, அவள் சென்னைக்குத் திரும்பும் வரை ஓடியது.

முதலாமவர் ஆஸ்திரியாக்காரர் ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர். 2012 அக்டோபர் 14 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரோஸ்வெல் என்ற ஊருக்கு மேலே, ஹீலியம் பலூனில் 38,969 மீட்டர் ஏறிக் குதித்தார். குதித்துச் சுமார் ஐம்பது நொடியில், ஏறத்தாழ 28 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 1,357.6 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். அங்கே ஒலி போகும் வேகத்தைப்போல ஒன்றே கால் மடங்கு அது. இரண்டாமவர் ஆலன் யூஸ்டஸ். கூகுள் நிறுவனத்தில் உயர் அதிகாரியாக இருந்தவர். 2014 அக்டோபர் 24 அன்று, தமது 57-ஆவது வயதில், உட்கார ஒரு கூண்டுகூட இல்லாமல், அழுத்த உடையோடு பலூனின் கீழே தொங்கிக்கொண்டே 41,419 மீட்டர் போய் விழுந்தார். உடம்பு பம்பரமாகச் சுழன்றுவிடக் கூடாது என்று முதுகில் ஒரு சின்னப் பாராசூட்டை இழுத்துக்கொண்டு வந்தார். பேத்தி கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சின்னத் துணிதான். அதனால்தான் பன்னாட்டு வானூர்திக் கூட்டமைப்பு இருவர் வேகத்தையும் ஒரே வரிசையில் எழுதவில்லை. துணையோடு விழுந்தவருக்கு ஒரு பதிவு, துணையில்லாமல் விழுந்தவருக்கு வேறு பதிவு.

இந்தப் பாகுபாடு புதியதும் அல்ல. 1960 ஆகஸ்ட் 16 அன்று அமெரிக்க விமானப் படையின் ஜோசப் கிட்டிங்கர் சுமார் 31,300 மீட்டரில் இருந்து குதித்தார். ஏறும்போதே வலது கையுறையில் அழுத்தம் போய்க் கை வீங்கிவிட்டது. சொன்னால் இறக்கிவிடுவார்கள் என்று நெடுநேரம் கீழே சொல்லாமலே ஏறினார். மணிக்கு 988 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தார். அவரும் சின்னப் பாராசூட்டோடுதான் வந்தார். இரண்டு ஆண்டு கழித்து, 1962 நவம்பர் 1 அன்று, சோவியத் நாட்டின் யெவ்கேனி ஆந்திரேயேவ் அப்படி எந்தத் துணையும் இல்லாமல் சுமார் 24,500 மீட்டர் விழுந்தார். உயரம் குறைவுதான். ஆனாலும் துணையில்லாமல் அதிக தூரம் விழுந்தவர் என்ற பதிவு ஐம்பது ஆண்டுகள் அவர் பெயரில் இருந்தது. அதே நாள், அதே முயற்சியில், உடன் ஏறிய பியோத்தர் தோல்கோவ் முகக்கவசம் விரிசல் விட்டு இறந்துபோனார். இந்த எண்களைப் படிக்கும்போது அந்த மனிதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று பேத்தியிடம் சொன்னேன்.

"சரி தாத்தா, துணி இல்லாதவங்களை மட்டும் பாப்போம். அப்பவும் உசரம் ஏன் முக்கியம்? கீழ இழுக்கிற விசை எங்கயும் ஒண்ணுதான?"

ஏறத்தாழ ஒன்றுதான். 39 கிலோமீட்டர் உயரத்தில் புவியீர்ப்பு தரையில் இருப்பதைவிட நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூடக் குறையவில்லை. மாறுவது காற்று. விழுகிறவரைக் கீழே இழுப்பது அவர் எடை. மேலே தாங்குவது காற்றுத் தடை. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்காகும். எடையும் தடையும் சமமாகும் இடத்தில் வேகம் அதற்குமேல் கூடாது. அதுதான் முற்றுத் திசைவேகம். காற்று அடர்த்தியாக இருந்தால் சமநிலை சீக்கிரம் வரும். லேசாக இருந்தால் மேலும் மேலும் வேகம் எடுத்துத்தான் சமநிலையைப் பிடிக்க முடியும்.

பேத்தியை நோட்டில் கணக்குப் போடச் சொன்னேன். வயிறு கீழே பார்க்க, கைகாலை விரித்து விழும் ஒருவர் தரைக்குப் பக்கத்தில் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுவதாக வைத்துக்கொள். அதே ஆள், அதே உடை, அதே கிடை. 2 கிலோமீட்டர் உயரத்தில் 210. வழக்கமாக ஸ்கைடைவர்கள் குதிக்கும் 4 கிலோமீட்டரில் 232. பயணிகள் விமானம் பறக்கும் 12 கிலோமீட்டரில் 376. அவர் எதுவும் செய்யவில்லை. ஒரு விரலைக்கூட மடக்கவில்லை. வேகம் மட்டும் இரட்டிப்பாகிவிட்டது.

வெயிலும் குளிரும்கூட இதில் கணக்கு. நம் நாட்டின் முதல் பெண் ஸ்கைடைவர் ரேச்சல் தாமஸ் 1979-இல் முதன்முதலாகக் குதித்தார். 2002-இல் வட துருவத்தில் குதித்தார். புனேயைச் சேர்ந்த ஷீத்தல் மகாஜன் 2004-இல் அதே வட துருவத்தில் குதித்ததுதான் அவர் வாழ்க்கையின் முதல் குதிப்பு. 2023-இல் எவரெஸ்ட் சிகரத்தின் எதிரே 21,500 அடியில் இருந்தும் குதித்தார். பேத்தி இந்த இடங்களுக்கும் நம் ஊருக்கும் கணக்குப் போட்டாள். வட துருவத்தின் மைனஸ் நாற்பது டிகிரி உறைகுளிரில் காற்று இறுகி இருக்கும். தரையை ஒட்டி நம் 190 கிலோமீட்டர் ஆள் அங்கே 171-இல்தான் விழுவார். சித்திரை மாதம் 35 டிகிரி வெயிலில் திண்டிவனத்துக்கு மேலே விழுந்தால் 196. எவரெஸ்ட் எதிரே 21,500 அடியில் 265-க்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. "ஒரே ஆளா தாத்தா இது!" என்று நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கணக்கு மட்டும் போதாதே, கண்ணால் பார்க்க வேண்டும். மறுநாள் பேக்கரியில் கப் கேக் வைக்கிற மடிப்புத் தாள் கொஞ்சம் வாங்கி வந்தோம். ஒரு தாளை மாடிப்படியில் நின்று விட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஒரே சீரான வேகத்தில் மிதந்து இறங்கும். நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று செருகி விட்டால் உருவம் அதேதான், எடை நான்கு மடங்கு. வேகம் எத்தனை மடங்கு இருக்கும் என்று கேட்டேன். நான்கு என்றாள். அப்படியானால் ஒற்றைத் தாளை ஒரு ஆள் உயரத்தில் இருந்தும், நான்கு தாள் அடுக்கை அதைப்போல இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தும் ஒரே நேரத்தில் விடு என்றேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தரையைத் தொட்டன. வேகம் இரண்டு மடங்குதான். அவள் ஏழெட்டு முறை விட்டுப் பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் வந்துவிட்டார்கள். நான் வகுப்பில் இருந்த 34 வருஷத்தில் இந்தத் தாளை ஒரு முறையாவது வாங்கியிருக்கலாம்.

அளக்கும் கருவியைப் பற்றியும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்கைடைவர் மணிக்கட்டில் கட்டியிருப்பது பார்க்கக் கடிகாரம் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது காற்றழுத்தமானி. மேலே போகப் போக அழுத்தம் குறையும். அதை உயரமாக மாற்றி முள் காட்டும். உயரம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் வேகம் கிடைக்கும். ஆனால் அதே கருவியை விழுகிறவரின் மார்புப் பக்கம் வைத்தால் ஒன்று காட்டும், முதுகுப் பக்கம் வைத்தால் வேறு காட்டும். காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடுதல், மறைவுப் பக்கம் குறைவு. உயரம் பல மீட்டர் மாறித் தெரியும். அதனால் இன்றைய வேகப் போட்டிகளில் ஜி.பி.எஸ். கருவியை நம்புகிறார்கள். தலைகீழாக அம்பு போல விழுகிற இந்தப் போட்டியில் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டியவர்கள் உண்டு. ஒரு கணம் எட்டிய உச்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. மூன்று நொடி சராசரியைத்தான் எடுப்பார்கள். அதுவும் குதித்த உயரத்தில் இருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் எட்டிய வேகமாக இருக்க வேண்டும். ஒருவர் மெல்லிய காற்றிலும் இன்னொருவர் கனத்த காற்றிலும் அளக்கப்பட்டு ஒரே பட்டியலில் வந்துவிடக் கூடாது என்பது அந்த விதியின் அக்கறை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கருவி. ஜெர்மனியில் ஹெல்முட் க்ளோத் என்பவர் உருவாக்கி 1991 முதல் விற்பனைக்கு வந்தது. பெயர் சைப்ரஸ். குதித்தவர் மயங்கிவிட்டால், அல்லது எதனாலோ பாராசூட்டைத் திறக்க மறந்தால், அவருக்குப் பதிலாக மாற்றுப் பாராசூட்டைத் திறந்துவிடும். வேகமாக விழுகிறார் என்று மட்டும் பார்த்து அது பதறாது. 3 கிலோமீட்டர் உயரத்தில் எவ்வளவு வேகமாக விழுந்தாலும் சும்மா இருக்கும். தரைக்கு 225 மீட்டர் அளவில் வந்தும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால்தான் செயல்படும். வேகத்தையும் உயரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். அதைத் தரையில் வைத்துத்தான் இயக்க வேண்டும். எது தரை என்று முதலில் அதற்குத் தெரிய வேண்டும்.

பிள்ளைகளின் விஷயத்தில் நாம் இவ்வளவு கவனமாக இருக்கிறோமா? பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு திண்ணையிலும் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். அவங்க வீட்டுப் பையன் இத்தனை, நம்ம வீட்டுப் பிள்ளை இத்தனை. எந்த உயரத்தில் அளந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நான் எழுதக் கூடாது.

ஆசிரியராகச் சேர்ந்த ஆரம்ப வருஷங்களில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, முடித்தவர்கள் கை தூக்குங்கள் என்பேன். யார் முதலில், யார் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும். கடைசியாகக் கை தூக்குகிறவன் எப்போதும் ஒரே பையன். ஆறு கிலோமீட்டர் நடந்து வருகிறவன். மல்லாட்டைப் பறிப்புக் காலத்தில் விடிவதற்கு முன்னாலேயே எழுந்து, கூலிக்குக் காய் ஆய்ந்து கொடுத்துவிட்டு, விரல் இடுக்கில் செம்மண்ணோடு வருவான். அந்த மண் என் கண்ணில் பட்டது. அதற்கு என்ன பொருள் என்று நான் யோசிக்கவில்லை. ஒருநாள் முதலில் கை தூக்கியவனையும் இவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, "ரெண்டு பேரும் சாப்பிடறது ஒரே சோறுதானே" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. காலாண்டுப் பரீட்சைக்குப் பிறகு அவன் வரவில்லை.

அவர்கள் இருவரும் ஒரே சோறு சாப்பிடவில்லை. ஒருவனுக்குக் காலைப் பலகாரம் இருந்தது. வீட்டில் மின்விளக்கு இருந்தது, சந்தேகம் கேட்க அப்பா இருந்தார். மற்றவனுக்கு விடியற்காலை பனியும் காய் மூட்டையும் இருந்தன. கனத்த காற்றைக் கிழித்துக்கொண்டு அவன் அந்தக் கணக்கின் முடிவுக்கு வந்து சேர்ந்திருந்தான். கணக்கு ஒருநாள்கூடத் தப்பாக இருந்ததில்லை. ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து அவன் ஊருக்குப் போய் ஏனப்பா வரவில்லை என்று நான் கேட்டிருக்கலாம். போகவில்லை. இன்றும் அந்த ஊர் வழியாகப் பஸ்ஸில் போனால் ஜன்னல் பக்கம் பார்ப்பேன். அவன் முகம் எனக்கு இப்போது அடையாளம் தெரியுமா என்பதே சந்தேகம்.

கனத்த காற்று என்றால் கெட்டது என்று பேத்தி புரிந்துகொண்டுவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு வந்தது. கிட்டிங்கர் குதித்த முதல் கணங்களில் விழுவதாகவே அவருக்குத் தெரியவில்லை. உடை படபடக்கவில்லை, காதில் காற்று இரையவில்லை. திரும்பிப் பார்த்தபோது பலூன்தான் மேலே விரைந்து போவது போலிருந்தது. தடையே இல்லாத இடத்தில் தன் வேகம் தனக்கே தெரியாது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் அவருடைய முதல் முயற்சியில் சின்னப் பாராசூட்டின் கயிறு கழுத்தைச் சுற்றி, நிமிஷத்துக்கு 120 முறை சுழன்று மயங்கிவிட்டார். தானாகத் திறக்கும் பாராசூட்தான் காப்பாற்றியது. பாம்கார்ட்னரும் மேலே இருந்தபோது கட்டுப்பாடில்லாமல் சுழன்றார். கையை நீட்டிச் சுழற்சியை நிறுத்த வேண்டுமென்றால் கை மோதுவதற்குக் காற்று வேண்டும். அங்கே அது இல்லை. கீழே அடர்த்தியான காற்று வந்த பிறகுதான் அவர் உடம்பு அவர் சொன்னபடி கேட்டது. அப்போது தரையில் இருந்து ரேடியோவில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர் 84 வயதுக் கிட்டிங்கர். தம் சாதனையை உடைக்கப் போகிறவனுக்குக் கூடவே இருந்து வழி சொன்ன அந்த முதியவரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாம்கார்ட்னர் மணிக்கு 1,357 கிலோமீட்டரில் இருந்து, பாராசூட் விரிப்பதற்கு முன்பாகவே, சாதாரண ஸ்கைடைவர்கள் விழும் வேகத்தை ஒட்டி வந்துவிட்டார். அவ்வளவு வேகத்தைக் குறைத்தது எந்தக் கருவியும் இல்லை. தரையை நெருங்க நெருங்கத் திரண்டு வந்த காற்றுதான் தாங்கியது. நம் ஊர் மழையிலும் இதைப் பார்க்கலாம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது. எங்கள் கொல்லையில் வரப்பே தெரியவில்லை. 2 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து விழும் துளி, காற்று இல்லாவிட்டால், மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் தரைக்கு வரும். ஓடும் நிற்காது, இலையும் நிற்காது. காற்று இருப்பதால் பெரிய துளிகூட முப்பது சொச்சம் கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழுகிறது. அந்தப் புயல் எவ்வளவோ பறித்துக்கொண்டு போனது. ஆனாலும் ஓட்டு வீட்டுக்குள் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தவர்கள், தலைக்கு மேலே இத்தனை கிலோமீட்டர் காற்று தாங்கிக்கொண்டிருந்ததால்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காற்றைத் தினமும் அளக்கிறார்கள். மீனம்பாக்கத்தில் இருந்து வானிலைத் துறை நாளுக்கு இரண்டு முறை பலூன் விடுகிறது. அழுத்தமும் வெப்பமும் ஈரமும் எந்த உயரத்தில் எவ்வளவு என்று அந்தச் சின்னப் பெட்டி சொல்லிக்கொண்டே ஏறும். யாருடைய வேகத்தையாவது நேர்மையாக ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் இந்த அளவு வேண்டும். அன்றைய காற்றைத் தெரிந்துகொண்டு, எல்லோரையும் ஒரே அடர்த்திக்குக் கொண்டுவந்து கணக்கிட்டால்தான் ஆளின் திறமை தெரியும். மீதி காற்றின் கொடை.

பேத்தி ஒரு வீடியோவைக் காட்டினாள். எட்டுப் பேர் வானத்தில் வட்டமாகக் கைகோத்து விழுகிறார்கள். "எடை வேற வேற இருக்குமே, எப்படித் தாத்தா ஒண்ணா விழறாங்க?" கனமான ஆள் தொளதொளவென்று உடை போட்டுக்கொள்வார், காற்று அதிகம் பிடிக்கட்டும் என்று. ஒல்லியான ஆள் ஒட்டிய உடை போட்டு, ஈயம் வைத்த உள்சட்டையை மாட்டிக்கொள்வார். வேகமாக விழக்கூடியவர் தன்னை விரித்து வேகத்தைக் குறைப்பார். மெதுவாக விழுகிறவர் சுமை ஏற்றிக்கொள்வார். அப்படிச் செய்தால்தான் கை எட்டும்.

இதைச் சொல்லும்போது என் அண்ணன் கீழே களத்தில் இருந்தார். எனக்கும் அவருக்கும் ஆறு வயசு வித்தியாசம். எட்டாம் வகுப்போடு நின்றவர். சொந்தக்காரர்கள் எல்லாக் கல்யாணத்திலும் சொல்வார்கள், பெரியவன் மந்தம், சின்னவன் சூட்டிகை என்று. நானும் நெடுநாள் அதை நம்பினேன். அப்பாவுக்கு இடுப்பு ஒடிந்து படுத்த வருஷம் நான் பத்தாம் வகுப்பு. கமலை இறைத்ததும், கடன்காரருக்குப் பதில் சொன்னதும், சந்தைக்கு மூட்டை ஏற்றியதும் அண்ணன். விடியற்காலையில் என்னை யாரும் எழுப்பக் கூடாது, அவன் படிக்கட்டும் என்று ஆயாவிடம் சொல்லிவைத்தவரும் அவர்தான். என் மேல் மோத வேண்டிய காற்றையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார். எனக்கு வானம் மெல்லியதாக இருந்தது. நான் வேகமாகப் போனேன். அந்த வேகத்தை என்னுடைய எண்ணாக எழுதிவைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பேத்தி அண்ணனிடமும் பாம்கார்ட்னர் கதையைச் சொன்னாள். 39 கிலோமீட்டர், 1,357, ஒலியைவிட வேகம் என்று எல்லா எண்ணையும் அடுக்கினாள். அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, "கீழ வந்து காலை ஊனி நின்னானா?" என்று கேட்டார்.

"நின்னாரு பெரிய தாத்தா. அப்புறம் முட்டி போட்டு ரெண்டு கையையும் தூக்கினாரு."

"அவனைப் பெத்தவ இருந்தாளா அங்க?"

இருந்தார். கட்டுப்பாட்டு அறைப் பக்கம் அவர் அம்மா கண்ணீரோடு பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் சொன்னேன். அண்ணன் தலையாட்டினார். அந்த மனிதர் 2025 ஜூலையில் இத்தாலியில் பாராகிளைடிங் செய்யும்போது விபத்தில் இறந்துபோனதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கிழக்கே இருந்து கடல்காற்று எழுந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் எங்கள் ஊருக்கு வரும் காற்று அது. காய்ந்த காயைக் கூட்டிக் குவித்திருந்தார்கள். இப்போது மின்விசிறி வைத்துத் தூற்றுகிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் விதைக்காயை மட்டும் இன்றும் கையால்தான் தூற்றுவார். முறத்தை நிரப்பித் தலைக்கு மேலே தூக்கினார். எண்பது வயசுக் கை லேசாக நடுங்கியது. அந்த நடுக்கமே முறத்தை அசைக்கப் போதுமாக இருந்தது.

பேத்தி களத்தில் மண்டியிட்டுப் போனை மெதுவோட்டத்தில் வைத்துப் படம் பிடித்தாள். காய் நேராக விழுந்தது. பொக்கு தள்ளிப் போய் விழுந்தது.

"பெரிய தாத்தா, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க."

அண்ணன் குதிகாலை உயர்த்தித் தூக்கினார். நான் போய் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.